புதுப்பிப்பு: காக்கர் ஸ்பேனியலின் காது வாடை

எங்கள் காக்கர் ஸ்பேனியல் நாய் ஓயாமல் தலையை உதறுகிறது, காதில் புளித்த வாடை என்று போன மாதம் எழுதியிருந்தேன். பூச்சி என்று நானே முடிவு கட்டியது தப்பு. மருத்துவர் முதலில் செவிப்பறை கிழியவில்லையே என்று பார்த்தார், அப்புறம் அழுக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். மலசேசியா என்ற ஈஸ்ட், அதாவது ஒரு வகைப் பூஞ்சை. தொங்கும் காது, உள்ளே அடர்ந்த முடி, ஈரம் தங்கினால் அதற்குக் கொண்டாட்டம். காதுக்குழாய் ‘எல்’ போல வளைந்திருப்பதால் பஞ்சுக்குச்சி அழுக்கை உள்ளேதான் தள்ளுமாம். நான் செய்துகொண்டிருந்ததும் அதைத்தான்!

மருந்து முடிந்தது, வாடை போய்விட்டது. இப்போது வாரம் ஒருமுறை காது கழுவும் திரவம், குளித்ததும் நன்றாகத் துடைப்பது. சாப்பிடும்போது காது தட்டில் விழாமலிருக்க, முனை வெட்டிய பழைய சாக்ஸைத் தலையில் மாட்டுகிறோம். மறுபடி வந்தால் ஒவ்வாமைக்குப் பார்க்கவேண்டுமாம். இந்த இனத்துக்குக் கண் அழுத்த நோயும் வரும் என்பதால் அடுத்த முறை கண் பரிசோதனை.