நைனாவோட மூட்டுவலி ஜெல்லும் எங்க கருப்பனும்: நாய்க்குத் தடவுற மருந்து, உங்க அனுபவத்தையும் எழுதுங்க

சத்துவாச்சாரியிலிருந்து:

போன சித்திரையில நடந்தது. கருப்பனுக்கு ஒன்பது வயசு, நாட்டு நாய். பூனையைத் துரத்திக்கிட்டு மாடிப்படி இறங்கினவன் கடைசி ரெண்டு படியைத் தாண்டிக் குதிச்சு, பின்னங்காலைத் தூக்கிக்கிட்டு நின்னான். தொட்டா முனகுறான். நைனாவுக்கு மனசு கேக்கல. "எனக்கு முட்டிக்குத் தடவுறதுதானே, அவனுக்கும் வலி வுடும்"னு தன்னோட ஜெல்லை எடுத்துத் தொடையில அழுத்தித் தேய்ச்சுவிட்டார். பக்கத்துல நின்ன எனக்கும் அது தப்புன்னு தோணல.

ராத்திரி பூரா சரக் சரக்னு நக்குற சத்தம். வலிக்குது, நக்குறான்னு நினைச்சுத் தூங்கிட்டேன். காலையில தொடை முடி ஈரமா ஒட்டிக் கிடக்கு, ஜெல் வாசனையே இல்ல. சாயங்காலம் சோத்தை மோந்து பார்த்துட்டுத் திரும்பிப் படுத்துட்டான். மறுநாள் வாந்தி எடுத்தான், அதுல காப்பித்தூள் மாதிரி கருப்புத் துணுக்கு. மலம் தாரு கணக்கா.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "என்ன தடவுனீங்க?"தான். நல்லவேளை, டியூபைக் கையோட எடுத்துப் போயிருந்தேன். டைக்ளோஃபெனாக். நமக்குச் சாதாரணமா எழுதித் தர்ற மருந்து, நாய்க்கு வயித்தைப் புண்ணாக்கிக் கிட்னியையும் கெடுத்துடுமாம். அந்தக் கருப்புத் துணுக்கு, வயித்துக்குள்ள கசிஞ்ச ரத்தம். செத்த மாட்டைத் தின்ன கழுகுங்க கிட்னி போய்க் கூட்டம் கூட்டமா அழிஞ்சதுன்னு 2006-ல கால்நடைக்குத் தடை பண்ணாங்களே, அதே மருந்துதான். நாலு நாள் டிரிப்ஸ் ஏத்தி, ரெண்டு தடவை ரத்தம் எடுத்துக் கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் அளவைப் பார்த்து, பிழைச்சு வந்தான்.

"நாய் மேல எதைத் தடவினாலும் அதைத் தட்டுல வெச்சு ஊட்டுறதா நினைச்சுக்குங்க"ன்னார் டாக்டர். இப்பல்லாம் எந்த டியூபை எடுத்தாலும் இதை இவன் தின்னா என்ன ஆகும்னுதான் முதல்ல யோசிக்கிறேன்.

இன்னொரு விஷயம் எனக்கு அப்புறம்தான் உறைச்சது. சாயங்காலமானா நைனா திண்ணையில லுங்கியை ஏத்திக் கட்டி ஜெல் தடவிட்டு உக்காருவார். கருப்பன் வந்து முட்டியை நக்குவான். பாசம்னு விட்டுட்டிருந்தோம். அப்ப எத்தனை நாளா அவன் வயித்துக்குள்ள அது போயிட்டிருந்ததோ! இப்ப தடவினதும் முட்டியில துணி சுத்திக்கிறார், சோப்புப் போட்டுக் கை கழுவாம அவன் தட்டைத் தொடறதில்ல.

அணைக்கட்டு பக்கத்திலிருந்து:

எங்க வீட்ல எருது விடுற காளை உண்டு. விழா முடிஞ்சு வந்தா தோள்லயும் தொடையிலயும் தைலம் தேய்ப்போம், டர்பன்டைன் கலந்தது, நெடி மூக்கைப் பிடுங்கும். நாய் சுளுக்கிக்கினு வந்தப்ப மாமா அதையே பூசிட்டார். ஒரு மணி நேரத்துல தோல் செவந்து கொப்புளிச்சுப் போச்சு, புழுதியில உருண்டு உருண்டு அழுதுது. பாத்திரம் கழுவுற சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணியில மூணு தடவை அலசினப்புறம்தான் அடங்குச்சு. மாட்டுக்குன்னு விக்கிறது நாய்க்கும் ஆகும்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க.

ராணிப்பேட்டையிலிருந்து (மருந்துக்கடையில வேலை செய்றேன்):

அண்ணா, நீங்க சொன்ன நைனா முட்டி விஷயத்துக்காகவே எழுதறேன். அமெரிக்காவுல 2015-ல வீட்டு ஆளுங்க தடவிக்கிட்ட ஃப்ளர்பிப்ரோஃபென்ங்கிற வலி மருந்துக் கிரீமாலயே பூனைங்க செத்துப் போய், அரசு எச்சரிக்கை விட்டது. பூனை மேல யாரும் தடவல.

கடையில வந்து "நாய்க்கு ஏதாவது பாம் கொடுங்க"ன்னு வாரத்துல ரெண்டு பேராவது கேக்கறாங்க. கொடுக்க மாட்டேன். டப்பாவைத் திருப்பி மீத்தைல் சாலிசிலேட்னு எழுதியிருக்கிற இடத்தைக் காட்டுவேன். விண்டர்கிரீன் எண்ணெய்னு போட்டிருந்தாலும் அதேதான், ஆஸ்பிரின் வகை மருந்து. அந்த எண்ணெய் சுத்தமா 5 மில்லி இருந்தா, இருபதுக்கு மேல ஆஸ்பிரின் மாத்திரை தின்ன கணக்கு. கற்பூரம் வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். நீலகிரித் தைலம், டீ ட்ரீ ஆயில் ரெண்டும் ஆகாது. மிளகாய்ச் சத்துல செய்ற கேப்சைசின் கிரீமும் வேணாம். மூலிகைன்னு பச்சை இலை படம் போட்டிருந்தா பயமில்லன்னு நம்புறாங்க, அதுலயும் இதே கற்பூரமும் விண்டர்கிரீனும்தான் இருக்கு. நாய்க்குன்னே வர்ற ஸ்ப்ரேயா இருந்தாலும் உள்ளே இருக்கிறதைப் படிச்சு, டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்குங்க. கழுத்துல கூம்பு மாட்டினா நக்காதுதான், ஆனா தோல் உறிஞ்சறதை அது தடுக்காது. வீட்ல ரெண்டாவது நாய் இருந்தா அது வந்து நக்கும்.

குடியாத்தத்திலிருந்து:

நொண்டினா சதைப்பிடிப்புன்னே முடிவு பண்ணிடாதீங்க. எங்க சிப்பிப்பாறை நாய் ஒரு நாள் முன்னங்கால், மறுநாள் பின்னங்கால்னு மாத்தி மாத்தி நொண்டுச்சு. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கிட்டே ஆறு நாள் வீணாக்கிட்டேன். உண்ணிக் காய்ச்சல். காதுக்குள்ள விரலை விட்டுப் பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், கொத்தா உண்ணி.

ஆம்பூரிலிருந்து:

எல்லாரும் ஆகாததையே சொல்றீங்க, ஆகுறது ஒண்ணு நான் சொல்றேன் தம்பி. எங்க லாப்ரடாருக்குப் பன்னிரண்டு வயசு, இடுப்பு மூட்டு தேஞ்சுது. புதுசா அடிபட்டா முதல் ரெண்டு நாள் ஐஸ் கட்டியைத் துணியில சுத்திப் பத்து நிமிஷம். பழைய வலிக்குச் சூடு. துண்டை வெந்நீர்ல முக்கிப் பிழிஞ்சு, என் மணிக்கட்டு உள்பக்கத்துல வெச்சுப் பார்ப்பேன், எனக்குச் சுட்டா அவளுக்கும் சுடும். பத்துப் பதினஞ்சு நிமிஷம் வெச்சுட்டு, எண்ணெய் எதுவும் இல்லாம உள்ளங்கையால முடி போற வாக்குல மெதுவா நீவி விடுவேன். டைல்ஸ் தரை வழுக்குதுன்னு பழைய கோணிச்சாக்கை வரிசையா போட்டிருக்கேன். டாக்டர் எடை பார்த்து அளந்து கொடுத்த மெலாக்சிகாம்ங்கிற வலி சிரப், சோறு தின்னப்புறம்தான். அதோட நம்ம மாத்திரை எதையும் சேர்க்கிறதில்ல.

சத்துவாச்சாரியிலிருந்து மறுபடியும்:

அக்கா, மணிக்கட்டு விஷயம் நல்லா இருக்கு, இன்னைக்கே செஞ்சு பார்த்தேன். நான் இதுவரைக்கும் அதிகச் சூட்டுலதான் வெச்சிருக்கேன்னு புரிஞ்சுது. ஆறவிட்டு வெச்சதும் கருப்பன் காலை நீட்டிப் படுத்துட்டான். நைனா பக்கத்துல உக்காந்து துண்டு மாத்திக் கொடுத்தார்.