எலுமிச்சை கிரீனிங்: சைலிட்டுக்குள் வாழும் பாக்டீரியாவைத் தாக்குவதா, தளிரைக் காப்பதா?

மாறன், செந்தூல்

கோலாலம்பூரில் குடியிருப்பு ஓரத் தோட்டங்களிலும் கோயில் வளாகங்களிலும் எலுமிச்சைக்கும் லிமாவ் கஸ்தூரிக்கும் மாதம் ஒருமுறை தேதி பார்த்து மருந்தடிக்கிறார்கள். இலையைத் திட்டுத் திட்டாக மஞ்சளாக்கும் கிரீனிங் நோய் அதற்கெல்லாம் அசைவதில்லை. எல்லாரும் பூச்சியின் தோலைப் பார்க்கிறார்கள். அதன் உயிர்நாடி உள்ளே இருக்கிறது.

நோயைப் பரப்புவது ஆசியச் சைலிட் என்ற சாறுறிஞ்சும் பூச்சி, 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளம். அது உறிஞ்சுவது புளோயம் சாறு, அதாவது மரத்தின் உணவுக் குழாயில் ஓடும் சாறு. அதில் சர்க்கரை மிகுதி, அமினோ அமிலம் சொற்பம். அந்தக் குறையை நிரப்புவது கார்சொனெல்லா என்ற கூட்டுயிரி, அதாவது பூச்சியோடு சேர்ந்தே வாழும் பாக்டீரியா. பூச்சியின் வயிற்றுக்குள் தனி உறுப்பு ஒன்றில் வாழ்கிறது, தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. அதே உறுப்பில் புரொஃப்டெல்லா என்ற இன்னொன்று டயாஃபோரின் என்ற நச்சைத் தயாரிக்கிறது. மூன்றாவது வொல்பாக்கியா. முதல் இரண்டில் எதை நலியச் செய்தாலும் பூச்சி தேறாது.

வொல்பாக்கியா நம் நாட்டுக்குப் புதிதல்ல. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகம் 2017 முதல் சிலாங்கூரில் அந்தப் பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை வெளியே விட்டது. விட்ட இடங்களில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்தது. எலுமிச்சைக்கும் அதே வழியில் போகலாம் என்பது என் வாதம்.

வளர்மதி, புக்கிட் மெர்தாஜாம்

மாறன் அண்ணே, கொசுவில் அது ஏன் பலித்தது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏடிஸ் எஜிப்டி கொசுவில் இயற்கையாக வொல்பாக்கியா கிடையாது. ஏடிஸ் அல்போபிக்டஸில் உள்ள வகையை அதற்கு ஏற்றினார்கள். பாக்டீரியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. பாக்டீரியா உள்ள பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை, ஆகவே அவள் வம்சம் பெருகும். சைலிட்டிலோ ஏறக்குறைய எல்லாப் பூச்சியிலும் வொல்பாக்கியா ஏற்கெனவே இருக்கிறது. காலி வீட்டில் குடியேறுவது வேறு, ஆள் இருக்கும் வீட்டில் குடியேறுவது வேறு.

அதோடு, டிங்கி ஒரு வைரஸ். கிரீனிங்கை உண்டாக்கும் லிபெரிபாக்டர் ஒரு பாக்டீரியா. வைரஸை அடக்குவது பாக்டீரியாவையும் அடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சான்றும் எதிர்ப்பக்கம் இருக்கிறது. லிபெரிபாக்டரின் மரபணுத் தொகுதிக்குள் ஒரு ஃபேஜ், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், உறங்குகிறது. அது விழித்துப் பெருகினால் லிபெரிபாக்டர் வெடித்துச் சாகும். சைலிட்டில் உள்ள வொல்பாக்கியா தரும் ஒரு சிறு புரதம் அந்த ஃபேஜின் மரபணுக்களை அடக்கி வைக்கிறது என்று ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வு 2017இல் காட்டியது. நீங்கள் பரப்ப நினைக்கும் பாக்டீரியா நோய்க்கிருமிக்குக் காவல் நிற்கக்கூடும்.

கார்சொனெல்லாவைத் தொடுவதும் எளிதல்ல. 2006இல் வேறொரு சைலிட்டின் கார்சொனெல்லாவைப் படித்தபோது அதன் மரபணுத் தொகுதி ஏறக்குறைய 160,000 எழுத்துகள்தான் இருந்தது. நம் குடலில் வாழும் ஈகோலைக்கு 46 லட்சம். அவ்வளவு மரபணு இழந்த உயிரியை ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியாது. தட்டில் வளராததை மரபணு மாற்றித் திருப்பி அனுப்ப வழியில்லை.

மாறன், செந்தூல்

ஃபேஜ் சான்று என் பக்கம் பேசுகிறது, வளர்மதி. வொல்பாக்கியா காவல் நிற்கிறது என்றால் காவலை விலக்குவதே இலக்கு. அந்தப் புரதத்தை நிறுத்தினால் பூச்சிக்குள்ளேயே லிபெரிபாக்டர் அழியும், மரத்தில் ஒரு சொட்டு மருந்து வேண்டாம்.

புதிய வகையை ஏற்றுவதும் பயிர்ப் பூச்சியில் நடந்திருக்கிறது. 2020இல் வெளிவந்த ஆய்வில், சிறு பழுப்புத் தத்துப்பூச்சியின் வொல்பாக்கியாவை நெல்லின் பழுப்புத் தத்துப்பூச்சிக்கு முட்டையில் ஊசி போட்டு மாற்றினார்கள். அது கூண்டுக் கூட்டத்தில் வேகமாகப் பரவியது, நெல்லின் ரேகட் ஸ்டன்ட் வைரஸையும் தடுத்தது.

தேவன், பட்டர்வொர்த்

கூண்டுக் கூட்டம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் அண்ணே. வயலில் பழுப்புத் தத்துப்பூச்சி காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரும். இங்கே விட்டதை அங்கிருந்து வருவது நீர்த்துப்போகச் செய்யும். தடுக்கப்பட்டதும் வைரஸ்தான்.

செபராங் பிறை நெல்லிலிருந்து ஓர் அளவுகோல் தருகிறேன். கூட்டுயிரியைத் தாக்கிப் பயன் உண்டா என்பது, நோய்க்கிருமி பூச்சிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பொறுத்தது. கிழக்காசியாவின் நெல் குட்டை வைரஸ், தத்துப்பூச்சியின் சல்சியா என்ற கூட்டுயிரியின் மேலுறையில் ஒட்டிக்கொண்டு முட்டைக்குள் நுழைகிறது. 2017இல் காட்டப்பட்டது இது. அங்கே சல்சியாவைத் தடுத்தால் அடுத்த தலைமுறைக்கு வைரஸ் போகும் பாதை அடைபடும். நம் வயலில் பென்யாக்கிட் மேரா என்று அழைக்கப்படும் துங்ரோ நோயின் வைரஸோ பச்சைத் தத்துப்பூச்சியின் உள்ளுறுப்புகளுக்குள் நுழைவதே இல்லை. சில நாளில் போய்விடும், தோல் உரித்தால் உடனே போய்விடும். அதன் கூட்டுயிரியை என்ன செய்தாலும் துங்ரோவுக்கு நேரடியாக ஒன்றும் ஆகாது.

லிபெரிபாக்டர் முதல் வகையைச் சேர்ந்தது. குடலைக் கடந்து, உடல் திரவத்தில் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகிறது. ஆகவே மாறன் அண்ணன் சொல்லும் வழி கொள்கை அளவில் பொருந்தும். ஆனால் நிதானம் வேண்டும். அசுவினியின் புக்னெரா பாக்டீரியா சுரக்கும் குரோயெல் என்ற புரதம் உருளைக்கிழங்கு இலைச்சுருள் வைரஸைக் காக்கிறது என்று 1994இல் எழுதப்பட்டது. பிறகு நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அந்தப் புரதம் பாக்டீரியாவுக்கு உள்ளேயே இருப்பதைக் கண்டார்கள். வெளியே வராத புரதம் வைரஸைத் தொடுவது எப்படி? ஃபேஜ் புரதத்தையும் அந்தச் சோதனைக்கு உட்படுத்தாமல் தோட்டத்துக்குக் கொண்டுவரக் கூடாது.

கயல், கெப்போங்

இவ்வளவு சுற்றுவானேன்? டெட்ராசைக்கிளின் வகை மருந்து மூன்று கூட்டுயிரிகளையும் நோய்க்கிருமியையும் ஒரே அடியில் தாக்குமே. ஃபுளோரிடாவில் 2022 முதல் ஆக்ஸிடெட்ராசைக்கிளினை மரத்தண்டில் ஊசியாகப் போடுகிறார்கள். அதோடு கறிவேப்பிலைச் செடியையும் வெட்டிவிட்டால் சைலிட்டுக்கு இடமே இருக்காது.

வளர்மதி, புக்கிட் மெர்தாஜாம்

வேண்டாம், கயல். ஃபுளோரிடாவில் அனுமதி பெற்று, அளந்து, பழம் பறிப்பதற்கு முன் காத்திருப்புக் காலம் வைத்துப் போடுகிறார்கள். அங்கேகூட அது நோயைத் தீர்க்கவில்லை. மரம் சில காலம் தேறுகிறது, பிறகு மறுபடியும் போட வேண்டும். துளையிட்ட இடத்தில் பட்டை வெடிக்கிறது. மனிதருக்கு உதவும் மருந்தை வேரில் ஊற்றுவதோ இலையில் தெளிப்பதோ மண்ணில் மருந்துக்கு அடங்காத கிருமிகளைத்தான் வளர்க்கும். வெறும் தெளிப்பில் புளோயத்துக்குப் போய்ச் சேரும் அளவும் மிகக் குறைவு.

கறிவேப்பிலையை வெட்டவும் வேண்டாம். சைலிட் அதில் முட்டையிட்டு வளரும். ஆனால் லிபெரிபாக்டர் அதில் தங்குவதில்லை, ஆகவே அங்கே வளர்ந்த பூச்சி நோயில்லாமல் வெளியே வரும். பறிக்கும்போது நுனித் தளிரையும் சேர்த்து ஒடித்து, பூச்சி இருந்தால் அந்த நுனியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். வேரில் ஊற்றும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து கறிவேப்பிலைக்குக் கூடவே கூடாது. இலையைத்தான் தின்கிறோம், மருந்து இலைக்குத்தான் போகும்.

அடுக்குமாடி வேலிகளில் உள்ள, கறிவேப்பிலைக்கு உறவான கெமுனிங் செடியைக் கவனியுங்கள். அதைக் கத்தரிக்கும் ஒவ்வொரு முறையும் தளிர் தள்ளுகிறது, சைலிட் தளிரில் மட்டுமே முட்டையிடும். குளிர்காலம் இல்லாத ஊரில் மழைக்குப் பின்னும் கத்தரிப்புக்குப் பின்னும் தளிர் வருகிறது. மாத மருந்து அந்த நேரத்தைத் தவற விடுகிறது.

மாறன், செந்தூல்

டெட்ராசைக்கிளினை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் தளிர் பார்த்து அடிப்பது என்றால் எப்படி என்று தெளிவாகச் சொல்லுங்கள். பொதுவாகச் சொன்னால் மக்கள் மறுபடியும் நாள்காட்டிக்கே போவார்கள்.

வளர்மதி, புக்கிட் மெர்தாஜாம்

சரி. முதலில் எண்ணிக்கை. வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்து, பிவிசி குழாயால் மூன்று முறை தட்டுங்கள். உடம்பைச் சுமார் 45 பாகை சாய்த்து உட்காரும் பழுப்புப் பூச்சி சைலிட். எல்லா மரத்திலும் இதே முறையில் தட்டினால்தான் ஒப்பிட முடியும்.

தளிர் இறகு போல் மடிந்திருக்கும்போதே தெளிக்க வேண்டும். மினரல் ஆயில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லிலிட்டர். இலையின் இரண்டு பக்கமும் நனைய வேண்டும். பூச்சியின் மூச்சுத்துளையை அடைத்துத்தான் இது கொல்கிறது, படாத இடத்தில் வேலை செய்யாது. முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக நம் வெப்பத்தில் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல். அதனால் 7 முதல் 10 நாளில் இரண்டாம் முறை அடித்தால் குஞ்சுகள் இறகு முளைக்கும் முன் மாட்டும். இங்கே பிசகினால் முழு உழைப்பும் வீண்: குஞ்சுப் பருவத்தில் லிபெரிபாக்டரை ஏற்ற பூச்சிதான் வாழ்நாள் முழுதும் நன்றாகப் பரப்பும். நண்பகல் வெயிலிலும் வாடிய மரத்திலும் அடித்தால் இலை கருகும். கந்தகம் அடித்திருந்தால் ஒரு மாதம் விடுங்கள்.

எறும்பையும் கட்டுப்படுத்துங்கள். சைலிட் குஞ்சின் இனிப்புக் கழிவுக்காக எறும்பு காவல் நிற்கும். அப்போது சைலிட்டுக்கு எதிரியான டமாரிக்சியா குளவி குஞ்சுக்கு அடியில் முட்டையிட முடியாது. ரீயூனியன் தீவில் அந்தக் குளவியை விட்டு சைலிட்டை அடக்கியிருக்கிறார்கள்.

தேவன், பட்டர்வொர்த்

இலை மஞ்சளானதும் கிரீனிங் என்று வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். துத்தநாகக் குறை நடுநரம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளாக்கும். கிரீனிங்கில் திட்டுகள் நரம்பைத் தாண்டி ஓடும், இரு பாதியும் ஒத்துப்போகாது. ஐயம் இருந்தால் முதிர்ந்த இலையை மணல்தாளால் தேய்த்து, அந்தத் தாளைச் சிறு பையில் கொஞ்சம் தண்ணீரோடு அலசி, நீர்த்த அயோடின் சில சொட்டு விடுங்கள். கருத்தால் இலையில் மாவுச்சத்து தேங்கியிருக்கிறது. பட்டை சேதமானாலும் அப்படித் தேங்கும், ஆகவே முடிவான சான்று கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைதான்.

மாறன், செந்தூல்

இவ்வளவும் சரி. ஆனால் இதெல்லாம் ஒவ்வொரு தளிருக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் ஆள் வேண்டிய வேலை. பத்து வீட்டில் ஒருவர் விட்டால் அங்கிருந்து மறுபடி வரும். கூட்டுயிரி வழி ஆய்வகத்தில் தாமதமானாலும் அதற்கான குரலை நான் நிறுத்தமாட்டேன்.

வளர்மதி, புக்கிட் மெர்தாஜாம்

நிறுத்த வேண்டாம் அண்ணே. அதுவரை இரண்டு இடத்தில் ஓட்டை இருக்கிறது. நோயுள்ள மரத்திலிருந்து எடுத்த காற்றுப்பதியக் கன்று நோயோடுதான் வரும். விதை வழியாகப் பரவுவதில்லை. மரத்தை வெட்டும் முன் வளர்ந்த பூச்சியைக் கொல்லும் மருந்தை அட்டையில் உள்ள அளவுப்படி அடித்துவிட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் கிளை விழும்போதே சைலிட் பக்கத்து வீட்டு மரத்துக்குப் பறந்துவிடும். அடிக்கட்டையை வேரோடு தோண்டி எடுங்கள். விட்டு வைத்த கட்டையில் துளிர்க்கும் தளிரில் லிபெரிபாக்டரும் இருக்கும், அதைத் தேடி வரும் சைலிட்டும் இருக்கும்.