கண்ணாடிக்கு அப்பால் ஜூலியா சைல்டின் அடுப்படி

(ஜூலியா சைல்டைப் பற்றி மூன்று பேர் எழுதியவை.)

அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரெஞ்சுச் சமையல் சொல்லிக்கொடுத்த ஜூலியா சைல்டை நான் நேரில் பார்த்ததில்லை. 2004இல் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் அவருடைய பழைய சமையல் நிகழ்ச்சிகளைப் பார்க்கவே தொடங்கினேன். ஆனாலும் சந்திப்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஒன்று உண்டு. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் அவருடைய வீட்டு அடுப்படியை அப்படியே பெயர்த்து வந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே கால் வைக்க முடியாது. கண்ணாடிக்கு இப்பால் நின்று எட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

முதலில் கண்ணில் பட்டது மேடையின் உயரம். ஜூலியா ஆறடி இரண்டு அங்குலம். மனைவி குனிந்து குனிந்து முதுகு ஒடியக் கூடாதென்று கணவர் பால் சைல்ட் மேடைகளை உயர்த்தி அமைத்தார். போதாக்குறைக்கு, சுவர்ப் பலகையில் மாட்டிய ஒவ்வொரு பாத்திரத்தையும் சுற்றி அதன் வடிவத்தைக் கோடாக வரைந்தும் வைத்திருக்கிறார், எடுத்தது எடுத்த இடத்துக்கே திரும்ப வேண்டும் என்று. நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வெளியேறும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார்.

பாரிஸில் சமையல் பள்ளியில் சேர்ந்தபோது ஜூலியாவுக்கு 37 வயது. முதல் புத்தகம் வந்தபோது 49. பாஸ்டன் தொலைக்காட்சியில் 'தி பிரெஞ்ச் செஃப்' தொடங்கிய 1963இல் 50. இன்று அந்த வயதில், அந்தக் கீச்சுக் குரலோடு போய் நின்றால் எந்தத் தொலைக்காட்சி கதவைத் திறக்கும்?

* * *

கண்டிக்காரன் என்ற உரிமையில் ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியக் கோப்புகளைப் பார்த்துக்கொள்ள ஜூலியா இலங்கைக்கு வந்தார். வருங்காலக் கணவர் பாலைச் சந்தித்தது அப்போதுதான். அன்று அவருக்குச் சமைக்கவே தெரியாது. சாப்பாட்டு ரசிகர் பால்தான். இதை எங்கள் ஊரில் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டேன், ஒருவரும் அசரவில்லை.

* * *

நான் ஒரு சமையல் நிகழ்ச்சியில் மூன்று ஆண்டுகள் உதவியாளனாக இருந்தவன். மேடைக்குக் கீழே குந்தியிருந்து, கேமராவில் தலை தெரியாமல் பாத்திரங்களை எடுத்து நீட்டுவது வேலை. நறுக்கியது, வதக்கியது, பாதி வெந்தது, முழுதாக வெந்தது என்று ஒரே உணவு நான்கு சட்டிகளில் காத்திருக்கும். ஒரு நாள் சட்டியை மாற்றி நீட்டிவிட்டேன். தொகுப்பாளர் மூடியைத் திறந்தார், ஒரு கணம் என் உச்சந்தலையைப் பார்த்தார், பிறகு பச்சைக் காய்கறியை முகர்ந்து "ஆஹா, என்ன மணம்!" என்றார். காட்சியை மறுபடி எடுத்தார்கள்.

ஜூலியாவின் தொடக்க கால நிகழ்ச்சிகளில் அந்த வசதி கிடையாது. ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது பெரும்பாடு என்பதால் அரைமணி நேரத்தை ஏறக்குறைய ஒரே மூச்சில் எடுத்தார்கள். ஒருமுறை வாணலியில் உருளைக்கிழங்கைத் தூக்கிப் புரட்டினார். ஒரு பகுதி அடுப்பின் மேல் சிதறியது. அள்ளி உள்ளே போட்டுவிட்டு, அடுப்படியில் நீங்கள் மட்டும்தானே இருக்கிறீர்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டார். வாய்மாறி வாய்மாறி அந்த உருளைக்கிழங்கு கோழியாகி, வான்கோழியாகி, கடைசியில் தரையிலும் விழுந்துவிட்டது! தரையில் எதுவும் விழவில்லை. பதிவைப் பாருங்கள்.

நான் மாற்றி நீட்டிய சட்டியை அன்று மாலை வேகவைத்துக் குழுவே சாப்பிட்டது. தொகுப்பாளருக்குத்தான் இரண்டாவது தட்டு.