வேல்ஸ் கடலோரத்தில் ஒரு பழைய கல் வீடு, மகள் வாங்கலாமா?

திசையன்விளை வாத்தியார்:

வணக்கம். பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகள் வேல்ஸில் நர்சாக இருக்கிறாள், போய் ஐந்து வருடம் ஆகிறது. மருமகனுக்கும் அங்கேதான் வேலை. இப்போது ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் ஆசையாக நிற்கிறார்கள்.

வீடு பெம்புரோக்‌ஷயரில் இருக்கிறது. வேல்ஸின் தென்மேற்கு மூலை. கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம், சுற்றிலும் ஆடு மேயும் நிலம். கட்டி நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிறதாம். இரண்டடி கனத்தில் கல் சுவர், மேலே ஸ்லேட் கல் ஓடு. ஜன்னல் எல்லாம் சின்னது. அடுப்படிக் கணப்புக்குள் ஒரு ஆள் நுழைந்து நிற்கலாம். ஒரு பக்கம் ஏணி வைத்து ஏறுகிற பரண் இருக்கிறது, குரோக்லாஃப்ட் என்று பெயர், அந்தக் காலத்தில் அதில்தான் படுப்பார்களாம். வீட்டின் பெயர் டீ க்வின். வெள்ளை வீடு என்று அர்த்தம் என மகள் சொன்னதும் எனக்கு என்னவோ செய்தது. உவரிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் அப்பா வீட்டையும் ஊரில் வெள்ளை வீடு என்றுதான் சொல்வார்கள். கேட்கும் விலை 2,85,000 பவுண்டு.

என் பயம் அந்தச் சுவரைப் பற்றித்தான். எங்கள் வீடு கிளிஞ்சல் சுண்ணாம்பில் கட்டிய காரை வீடு. தாத்தா கட்டியது. தார்சாவில் சித்திரை மாதத்திலும் மின்விசிறி இல்லாமல் படுக்கலாம். 1994-இல் அப்பா, நல்லது செய்கிறோம் என்று நினைத்து, உள்ளும் புறமும் சிமெண்ட் பூசி மேலே டிஸ்டெம்பர் அடித்தார். மூன்றாவது மழைக்குள் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிவிட்டது. பூச்சு வயிறு தள்ளி நின்றது, தட்டினால் உள்ளே பொள்ளல் சத்தம். சுரண்டினால் உப்புப் பூத்துக் கிடந்தது. மறுபடி மறுபடி சிமெண்ட்டே வைத்துப் பூசினோம். 2009-இல் இடித்தபோது நானே பக்கத்தில் நின்றேன். சிமெண்ட்டுக்குப் பின்னால் செங்கல் மாவு போல உதிர்ந்தது. சிமெண்ட் படாத அடுக்களைப் பின்சுவரைக் கடப்பாரையால் குத்தினால் நெருப்புப் பறந்தது. அதை என்னால் மறக்கவே முடியவில்லை.

இப்போது மகள் அனுப்பிய படத்தில் வடக்குச் சுவர் மட்டும் புதுப் பெயிண்ட்டில் பளபள என்று இருக்கிறது. மற்ற மூன்றும் பழசு. அவளிடம் சொன்னால், "அப்பா, அது வேற ஊரு, வேற கல்லு" என்கிறாள்.

இன்னும் இரண்டு விஷயம். அட்வான்ஸ் கொடுத்து வீட்டை நிறுத்தி வைக்க முடியுமா? அப்புறம், திசையன்விளையில் நாங்கள் இருக்கும் வீட்டை இந்த ஆவணிக்குள் அவள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். பெயரில் சொத்து இருந்தால் அங்கே கடன் வாங்க உதவும் அல்லவா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை கொத்தனார் மகன்:

சார், வேறு ஊராக இருக்கலாம், வேறு கல்லாகவும் இருக்கலாம். சுண்ணாம்பு ஒன்றுதான்.

எங்கள் அப்பா கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துச் செக்கில் அரைத்த காரையில் வேலை பார்த்தவர். நான் இப்போது பழைய வீடுகளை மராமத்துச் செய்கிறேன். பழைய கனமான சுவருக்கு அடியில் ஓதம் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. தரையிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரம் உள்ளே வரத்தான் செய்யும். வந்த ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெயிலிலும் காற்றிலும் வெளியேறிவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று அப்பா சொல்வது இதைத்தான். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. சிமெண்ட் கெட்டியானது, சுவர் கொஞ்சம் அசைந்தாலும் மயிரிழை வெடிப்பு விடும். அந்த வெடிப்பு வழியாக மழைத் தண்ணீர் உள்ளே போகும், திரும்ப வராது. உங்கள் வீட்டில் நடந்தது அதேதான். வேல்ஸிலும் பழைய கல் வீடுகளைச் சுண்ணாம்பிலோ மண் சாந்திலோதான் கட்டினார்கள், வருடா வருடம் சுண்ணாம்பே அடித்தார்கள். நாம் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதைப் போலத்தான். பின்னாளில் அங்கேயும் சிமெண்ட் பூசிக் கெடுத்த வீடுகள் நிறைய.

மகளிடம் இதைச் சொல்லுங்கள். மழை பெய்து ஓய்ந்த அன்று போகட்டும். வடக்குச் சுவரை ஒட்டி அலமாரி இருந்தால் திறந்து உள்பக்கம் கையை வைத்துப் பார்க்கட்டும், மூக்கால் முகர்ந்தும் பார்க்கட்டும். விரல் முட்டியால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வரட்டும், பொள்ளல் சத்தம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். வெளியே போய் மண் மட்டத்தைப் பார்க்க வேண்டும். வெளித்தரை உள்தரையை விட உயர்ந்திருந்தால் பாதி நோய் அங்கேதான். மண்ணை வெட்டி இறக்கி, மழைத் தண்ணீர் குழாயைச் சரி செய்தாலே பல சுவர்கள் தானாகக் காய்ந்துவிடும்.

கூரைக்கும் ஒரு வார்த்தை. ஸ்லேட் நூறு வருடம் தாண்டியும் நிற்கும், அதைப் பிடித்திருக்கும் ஆணிதான் முதலில் போகும். கடல் காற்றில் கேட்கவே வேண்டாம். அங்கங்கே ஓடு சரிந்திருந்தால் ஒன்றிரண்டு மாற்றி முடியாது, மொத்தமாக இறக்கி ஏற்ற வேண்டி வரும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம்.

சிமெண்ட் பூசியிருந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கல் சுவர் உங்கள் செங்கல்லைப் போலச் சீக்கிரம் உதிராது. பூச்சைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை காயவிட்டு, சுண்ணாம்பில் பூசினால் மீண்டு வரும்.

வள்ளியூர் அக்கா:

அண்ணாச்சி, நான் மேற்கு வேல்ஸில் பதினோரு வருடமாக இருக்கிறேன். நாங்களும் பழைய வீடு வாங்கியவர்கள்தான். முதலில் அவசரமான விஷயம்: அந்த செட்டில்மெண்ட்டை இப்போது எழுதாதீர்கள்.

வேல்ஸில் வீடு வாங்கினால் நிலப் பரிமாற்ற வரி கட்ட வேண்டும். இருக்கும் ஒரே வீடாக வாங்கினால் 2,25,000 பவுண்டு வரை வரி இல்லை, அதற்கு மேல் நான்கு லட்சம் வரை 6 சதவீதம். உங்கள் கணக்குக்கு 3,600 பவுண்டு வரும். ஆனால் வாங்குகிறவருக்கோ கணவருக்கோ உலகத்தில் எங்கேயாவது 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள வீடோ, வீட்டில் பங்கோ இருந்தால் கூடுதல் விகிதம். 2024 டிசம்பரில் அதை இன்னும் ஏற்றிவிட்டார்கள். அப்படிப் பார்த்தால் இதே வீட்டுக்கு 18,450 பவுண்டு. மகள் பெயருக்கு வந்து, மதிப்பும் அவ்வளவு இருந்தால், திசையன்விளை வீடும் அந்தக் கணக்கில் சேரும். மருமகன் பெயரில் ஊரில் வீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இங்கே கடனுக்குச் சம்பளத்தைப் பார்ப்பார்கள், ஊரில் உள்ள வீடு பெரிதாக உதவாது. வீடு வாங்கி முடிந்த பிறகு செட்டில்மெண்ட்டைப் பற்றி வக்கீலிடம் பேசிக்கொள்ளலாம்.

அட்வான்ஸ் கொடுத்து நிறுத்தி வைப்பது இங்கே கிடையாது. விலை ஒத்துக்கொண்டாலும், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை இரு பக்க வக்கீல்களும் ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்ளும் வரை யார் வேண்டுமானாலும் விலகலாம். அந்த நாளில்தான் வழக்கமாகப் பத்து சதவீதம் கட்டுவோம். இடையில் இருக்கும் நாட்களில் சர்வே போட வேண்டும். நம் ஊரில் சர்வே என்றால் நிலம் அளப்பது, இங்கே வீட்டைப் பரிசோதிப்பது. மூன்று நிலை உண்டு. பழைய கல் வீட்டுக்கு மூன்றாம் நிலைதான் போட வேண்டும், அதிலும் சுண்ணாம்பு தெரிந்த ஆளாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஈரமானியைச் சுவரில் குத்திவிட்டு ரசாயன ஊசி போடச் சொன்னார். இன்னொருவர் வந்து, வெளிச் சுவரில் இருந்த பிளாஸ்டிக் பெயிண்ட்டை எடுங்கள் என்றார். அவர் சொன்னபடி செய்தோம். இரண்டாவது குளிர்காலத்தில் படுக்கையறை நாற்றம் போய்விட்டது.

இந்த ஊர் மழையை நம் மழை போல நினைக்காதீர்கள். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே வருடம் முழுக்க உண்டு, கடல் காற்றோடு பக்கவாட்டில் வந்து சுவரில் அறையும். வெயிலும் குறைவு. தம்பி சொன்ன மாதிரி ஒரு கோடையில் காயாமலும் போகலாம், பொறுமை வேண்டும்.

பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் வீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காடு (Cadw) என்ற பெயர் கொண்ட வேல்ஸ் அரசு அமைப்பு அந்தப் பட்டியலை வைத்திருக்கிறது. பட்டியலில் இருந்தால் அதன் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் அனுமதி வேண்டும், இல்லாமல் செய்தால் குற்ற வழக்கு. ஜன்னல் மாற்றக்கூட அப்படித்தான். கடலோரத்தில் பெரும்பகுதி 1952-இல் அமைந்த தேசியப் பூங்காவுக்குள் வருகிறது, அதற்குள் இருந்தால் கட்டட அனுமதியைப் பூங்கா நிர்வாகமே தரும். கழிவுநீருக்குத் தொட்டிதான் இருக்கும், அது பதிவாகியிருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். ரேடான் என்று தரையிலிருந்து கசியும் ஒரு வாயுவும் பெம்புரோக்‌ஷயரில் சில இடங்களில் அதிகம். மூன்று மாதம் சின்ன டப்பா வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடல் அரிப்பையும் விடாதீர்கள். நம் பக்கம் அரித்தால் தூண்டில் வளைவு கேட்போம். இங்கே எந்தக் கரையை எத்தனை வருடம் காப்பார்கள் என்று திட்டமே எழுதி வைத்திருக்கிறார்கள். வடக்கே ஃபேர்போர்ன் என்ற ஊரை 2050-களின் நடுவுக்குப் பிறகு காப்பதாக இல்லை என்று சொன்னதும் அங்கே வீட்டு விலை விழுந்துவிட்டது.

நாங்குநேரி பத்திரம்:

பத்திரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் அங்கே எப்படி?

வள்ளியூர் அக்கா:

பதிவேட்டில் இருந்தால் சுலபம் அண்ணாச்சி, யாரும் காசு கட்டி நகல் எடுக்கலாம், அடமானமும் அதிலேயே தெரிந்துவிடும். வீடு விலைக்குக் கைமாறினால் கட்டாயம் பதிய வேண்டும் என்பது நாடு முழுக்க 1990 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன்பே வாங்கி ஒரே குடும்பத்தில் இருக்கும் வீடு என்றால் பதியாமல் இருக்கலாம். அப்போது பழைய பத்திரக் கட்டைத்தான் புரட்ட வேண்டும். பாதை உரிமையை முக்கியமாகப் பார்க்கணும், இங்கே பல வீடுகளுக்கு அடுத்தவர் வயல் வழியாகத்தான் வண்டி போகும்.

திசையன்விளை வாத்தியார்:

தங்கச்சி, ரொம்ப நன்றி. வரி விஷயம் எங்கள் யாருக்கும் தெரியாது. பத்திரம் எழுதுகிறவரிடம் இன்று காலையிலேயே போய் நிறுத்தச் சொல்லிவிட்டேன். முத்திரைத்தாள் இன்னும் வாங்கவில்லை, நல்ல காலம். மருமகன் பெயரில் வள்ளியூரில் ஒரு வீடு பங்காக இருக்கிறது, அதன் மதிப்பைக் கேட்டிருக்கிறேன்.

பாளை தம்பி எழுதியதை மகளுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். சனிக்கிழமை மறுபடி போகிறாள். வெள்ளிக்கிழமை அங்கே மழையாம். வடக்குச் சுவரை ஒட்டி ஒரு அலமாரி இருப்பது படத்தில் தெரிகிறது. தட்டும் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பொள்ளல் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வந்ததும் இங்கே எழுதுகிறேன்.