மறு: கையில் வைத்து ஆடும் கேம் கருவிக்கு என்ன பெயர்?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> போனும் டேபும் வந்த பிறகு இந்தக் கருவியே ஒழியப் போகிறது. ஒழியப் போவதற்குக் கலைச்சொல் எதற்கு தம்பி?

கும்பகோணத்து அண்ணன் கேட்டது இது. இதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் பெயருக்கு வர முடியும். எந்தக் குணத்தால் அந்தக் கருவி பிழைத்துக் கிடக்கிறதோ, அந்தக் குணம் பெயரிலும் தெரிய வேண்டும்.

அண்ணன் சொல்வதில் பாதி நடந்தேவிட்டது. 2004இல் வந்த நிண்டெண்டோ டிஎஸ் என்ற கை கேம் கருவி 15 கோடிக்கு மேல் விற்றது. ஐபோன், ஆப் ஸ்டோர் எல்லாம் வந்த பிறகு, 2011இல் அதற்கு அடுத்ததாக இறங்கிய 3டிஎஸ் அதில் பாதியைத்தான் தொட்டது. வெளியாகி ஆறு மாதம்கூட ஆகாத நிலையில் அமெரிக்காவில் அதன் விலையை 250 டாலரிலிருந்து 170க்கு இறக்கினார்கள். சோனியின் கை கேம் கருவியான வீட்டா அதைவிட மோசம். 2019இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அப்போது இந்தக் கேள்வி வந்திருந்தால் நானும் அண்ணன் பக்கம்தான்.

அப்புறம் 2017இல் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் வந்தது. அதுவும் 15 கோடியைத் தாண்டியது. வேடிக்கை என்னவென்றால், அதற்குள் இருக்கும் என்விடியா டெக்ரா எக்ஸ்1 சிப் குடும்பம் அதற்கு முன்பே கூகுளின் பிக்சல் சி டேபில் இருந்தது. உள்ளே பார்த்தால் அதுவும் ஒரு டேப்தான். டேப் போல விற்காமல் கேம் கருவியாக விற்றதற்கு, இரண்டு பக்கமும் இருக்கிற பொத்தான்களும் அந்தப் பொத்தான்களுக்கென்றே எழுதிய ஆட்டங்களும்தான் காரணம் என்பேன்.

பொத்தானின் அருமை நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா? வேளாங்கண்ணித் திருவிழாக் கடைகளில் '9999 ஆட்டங்கள்' என்று அட்டையில் போட்டுத் தொங்குமே, செங்கல் அடுக்கும் வீடியோ கேம், அதை வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். இரண்டு பென்சில் பேட்டரி. வலது பக்கம் பெரிய உருண்டைப் பொத்தான், இடது பக்கம் சின்னதாக நாலு. கண் திரையில் இருக்கும், கட்டைவிரல் தானாகத் தடவிக் கண்டுபிடித்து அழுத்தும். போனில் அந்த விரலே திரையை மறைக்கிறது. சித்திரை வெயிலில் வியர்த்த விரல் வழுக்குகிறது என்று பையன்கள் விரலுக்கு உறை வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் பிடிக்கிற பொத்தான் கிளிப்பை மாட்டிப் போனைக் கேம் கருவி ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் மன்னார்குடி பஸ்ஸில் நேரம் போக்க ஆடுகிறவருக்குப் போனே போதும். அந்தக் கூட்டம் திரும்பி வராது. வெளிநாடு போய்ச் சம்பாதிக்கும் கூத்தாநல்லூர் சபுராளிகள் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தால்தான் இங்கே பல பிள்ளைகள் ஸ்விட்சைக் கண்ணால் பார்க்கிறார்கள் என்பதும் உண்மை.

சரி, பெயர். இதுவரை வந்தவற்றில் 'கையாடுபொறி' வேண்டவே வேண்டாம். கையாடல் என்றால் கணக்குப் புத்தகத்தில் நடக்கிற சங்கதி. 'ஆடுபொறி' நல்ல வினைத்தொகை. ஆனால் பொறி என்றதும் எலிதான் நினைவுக்கு வருகிறது, முன்னால் ஆடு வேறு நிற்கிறது. 'கையடக்கக் கருவி' என்றால் போனும் அதுதானே? 'கைக்கணினி'யை டேபுக்குக் கொடுத்தாகிவிட்டது.

என் பரிந்துரை 'ஆட்டப்பெட்டி'. திருவையாற்றுப் பக்கம் சுருதிப்பெட்டி இருக்கிறது. போனில் சுருதிக்கு ஆப் வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் பாடிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்து சுருதி அறுந்துபோகும் என்று பெட்டியை விடாதவர்கள் உண்டு. ஒரே வேலைக்கென்று இருப்பது என்ற பொருளை அந்தப் 'பெட்டி' தாங்குகிறது. டிவியில் மாட்டுவது ஆட்டப்பெட்டி, கையில் வைத்து ஆடுவது கை ஆட்டப்பெட்டி. சந்தி சேர்த்துக் 'கையாட்டப்பெட்டி' என்றும் எழுதலாம்.

— தஞ்சாவூரிலிருந்து

* * *

தம்பி, பொத்தான் கதையை ஒப்புக்கொள்கிறேன். பெயரில்தான் இடிக்கிறது. தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு ஆட்டப்பெட்டி என்கிறீர்களே, கரகாட்டச் செட்டின் டிரங்குப் பெட்டி என்றல்லவா நினைப்பார்கள்? 'விளையாட்டுப்பெட்டி' என்றால் என்ன குறைச்சல்? அப்புறம், பொத்தான் கிளிப் மாட்டிய போன் எந்தக் கணக்கில் வரும்?

— கும்பகோணத்திலிருந்து

* * *

அண்ணே, விளையாட்டுப்பெட்டி என்றால் பிள்ளைகள் பொம்மை போட்டு வைக்கிற பெட்டியாகிவிடும். சீட்டாட்டம், தாயாட்டம் என்று சொல்கிற ஊரில் ஆட்டம் என்றால் கரகாட்டம் மட்டும்தானா? கிளிப் மாட்டிய போன் போன்தான். கிளிப்பைக் கழற்றினால் பேசலாமே. மறுப்பு இல்லையென்றால் 'ஆட்டப்பெட்டி', 'கையாட்டப்பெட்டி' இரண்டையும் பட்டியலில் ஏற்றுகிறேன். ஆட்டத்தைப் பதித்துக் கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜுக்கு 'ஆட்டச்சில்லு' என்று ஒருவர் எழுதியிருந்தார், அதைத் தனி இழையில் பார்க்கலாம்.

— தஞ்சாவூரிலிருந்து