மேலே எறிந்த பந்து எவ்வளவு உயரம் போகும்? கணக்கு பிசகும் இடங்கள்

சூத்திரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தொடக்கத் திசைவேகத்தை வர்க்கமாக்கி 19.6 ஆல் (புவியீர்ப்பு முடுக்கம் 9.8-இன் இரு மடங்கு) வகுக்க வேண்டும். 20 மீ/வி என்றால் 400 ÷ 19.6 = 20.4 மீட்டர். பெரும்பாலும் அலகில்தான் கோட்டை விடுகிறார்கள். மணிக்கு 72 கி.மீ. என்பதை அப்படியே போட்டால் 264 மீட்டர் வந்து நிற்கும், முதலில் 3.6 ஆல் வகுத்து 20 ஆக்குங்கள். 25 மீட்டர் மாடியிலிருந்து எறிந்தால் தரையிலிருந்து 45.4. கேள்வி எந்த உயரத்தைக் கேட்கிறது என்று பாருங்கள்.

—

விடைத்தாள்களில் தவறாமல் வருவது: "உச்சியில் திசைவேகம் சுழி, எனவே முடுக்கமும் சுழி." அப்படியானால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்குமே! முடுக்கம் பந்து போகும்போதும் வரும்போதும் உச்சியிலும் அதே 9.8 மீ/வி², கீழ்நோக்கி.

—

திசைவேகம் தெரியாதா? எறிந்த உயரத்திலேயே பிடித்து மொத்த நேரத்தை அளந்துகொள்ளுங்கள். நேரத்தின் வர்க்கத்தை 1.225 ஆல் பெருக்கினால் உயரம். 4 விநாடிக்கு 19.6 மீட்டர். ஸ்டாப்வாட்ச்சை 0.2 விநாடி தாமதமாக நிறுத்தினால் 21.6 ஆகிவிடும், நேரம் வர்க்கமாவதால். வீடியோ எடுத்து ஃபிரேம் எண்ணுவது மேல். விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 0.033 விநாடிதான்.

—

மேலே சொன்னதெல்லாம் காற்றை மறந்த கணக்கு. 20 மீ/வி வேகத்தில் கிரிக்கெட் பந்து ஏறக்குறைய 18 மீட்டர்தான் போகும். டேபிள் டென்னிஸ் பந்து? 7 மீட்டர் சொச்சம்! எடை 2.7 கிராம், விட்டம் 40 மி.மீ.; அதன் முற்றுத் திசைவேகமே (காற்றின் தடை எடைக்குச் சமமாகி, விழும் வேகம் அதற்கு மேல் கூடாமல் நிற்கும் வேகம்) 8.8 மீ/வி அளவுதான். கணக்கிடும் வழி: முற்றுத் திசைவேக வர்க்கத்தை 19.6 ஆல் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். எறிந்த வேகத்தின் வர்க்கத்தை முற்றுத் திசைவேக வர்க்கத்தால் வகுத்து, 1 கூட்டி, இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) எடுத்து, முதலில் வைத்துக்கொண்ட எண்ணோடு பெருக்குங்கள்.

—

அப்போ ஸ்டாப்வாட்ச் முறையும் போச்சா என்றால், இல்லைங்க. அதே டேபிள் டென்னிஸ் பந்து ஏற 1.04 விநாடி, இறங்க 1.40 விநாடி எடுக்கும். ஏறும் நேரத்தை மட்டும் வைத்தால் 5.3 மீட்டர், இறங்கும் நேரத்தை மட்டும் வைத்தால் 9.6. இரண்டுமே தப்பு. மொத்தம் 2.44 விநாடியைப் போட்டால் 7.3 மீட்டர், மடக்கைக் கணக்கு தருவது 7.2. குறைவும் கூடுதலும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. அதனால் பாதி நேரத்தை அளக்காதீர்கள், முழுசாக அளங்கள்.