48 வோல்ட் மோட்டாருக்கு எந்தப் பற்றரி? ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். தெகிவளையிலிருந்து புறக்கோட்டைக்கு வேலைக்குச் சென்று வருவதற்காக, என் சைக்கிளின் பின்சில்லில் 48 வோல்ட், 1000 வாற்று ஹப் மோட்டார் (சில்லின் நடுவிலேயே அமைவது) பொருத்தியிருக்கிறேன். மோட்டாருக்குச் செல்லும் மின்னைக் கட்டுப்படுத்தும் கொன்ரோலர் உச்சமாக 30 அம்பியர் இழுக்கும். போய்வர ஏறத்தாழ 20 கிலோமீற்றர். காலி வீதி மேடில்லாதது என்றாலும், நெரிசலில் நின்று நின்று புறப்படும்போது மின்னோட்டம் உச்சத்தைத் தொடும்.

கிலோமீற்றருக்கு 20 வாற்று மணி என்று தாராளமாகக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 400 வாற்று மணி போதும். அதற்கு 10 அம்பியர் மணி (480 வாற்று மணி) பற்றரியே போதும். ஆயினும் அதிலிருந்து 30 அம்பியர் எடுப்பது கலங்களை வருத்தும் என்பதால், 20 அம்பியர் மணி, அதாவது 960 வாற்று மணி, எடுப்பதே சரியென்று நினைக்கிறேன். மோட்டாரின் வேகம் வோல்ட்டளவோடு கூடுமென்பதால் 72 வோல்ட்டுக்கு மாறும்படி சிலர் சொல்கிறார்கள். சைக்கிளின் பிரேக்கை நம்பி அந்த வேகத்தில் போக எனக்கு விருப்பமில்லை.

என் தயக்கமெல்லாம் கலங்களின் வகையில்தான். 13 லிதியம் அயன் கலங்களைத் தொடராக இணைத்தால் முழு மின்னேற்றத்தில் 54.6 வோல்ட் வரும், பாரம் குறைவு. 16 லிதியம் இரும்பு பொஸ்பேற்றுக் கலங்கள் 58.4 வோல்ட் வரை ஏறும்; பாரம் கூடினாலும் வெப்பத்தைத் தாங்கும், நீண்டகாலம் உழைக்கும். வீட்டுக்குள் வைத்து மின்னேற்றவேண்டியிருப்பதால் மனம் இரண்டாவதையே நாடுகிறது. 63 வோல்ட் வரையே தாங்கும் கொள்ளளவிகளைக் (கப்பாசிற்றர்) கொண்ட கொன்ரோலரில் 58.4 வோல்ட்டை நீண்டகாலம் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? பற்றரிப் பாதுகாப்புச் சுற்று 40 அம்பியர் தாங்கினால் போதுமா? கொழும்பில் கலங்களின் கொள்ளளவை நம் முன்னால் சோதித்துக்காட்டி விற்பவர்களைத் தெரிந்தாலும் தயவுசெய்து அறியத்தாருங்கள்.